பொறுக்குவதற்கு ஒரு கரை வேண்டும்

எங்கள் மணலி புதுநகர் ஸ்டேஷனரி கடையில் ‘இயற்கைக் கைவினைப் பெட்டி’ என்று ஒன்று புதிதாகத் தொங்குகிறது. பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்காக வந்த சரக்கு. உள்ளே பைன் மரக் காய் நான்கு, காயவைத்த ஆரஞ்சு வில்லைகள், சாயம் ஏற்றிய புல், சணல் கயிறு, ஒரு ட்யூப் கம், ஒரு பொட்டலம் ஜிகினா. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறை. உறைமேல் பச்சை இலை அச்சடித்திருக்கிறார்கள். விலை 350 ரூபாய். கடை வாசலில் பூவரச மரம் நிற்கிறது; அதன் காய்கள் உதிர்ந்து நடைபாதையில் மிதிபட்டுக் கிடக்கின்றன. பைன் மரத்தை எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை. பூவரசங்காயைப் பார்க்காத பிள்ளை கிடையாது. ஆனாலும் மதிப்பெண் பைன் காய்க்குத்தான் விழுகிறது.

சுற்றுச்சூழலுக்கு உகந்த கலை என்ற பேச்சு பள்ளிகளிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் பெருகியிருப்பதில் எனக்குச் சந்தோஷமே. என் சண்டை அந்தப் பெட்டியோடு. இயற்கைப் பொருளும் கடையில் தொங்கும் சரக்காகிவிட்டால் அதற்கும் தெர்மாகோலுக்கும் ரொம்பத் தூரம் இல்லை. தன் ஊர்த் தரையில் கிடப்பதைத் தானே குனிந்து எடுத்துச் செய்ய வேண்டும். அப்படி எடுக்க ஊரில் ஒரு கரையும் நாலு மரமும் மிச்சமிருக்க வேண்டும். வடசென்னையில் இருந்துகொண்டு இதைப் பேசினால் பேச்சு கலையிலிருந்து நேராக நிலத்துக்கு வந்து நிற்கும். வந்து நிற்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் போர்டு ஆர்ட்டிஸ்ட். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் பிரஷ் கழுவிக் கழுவித் தொழில் கற்றவன். லாரி பின்பலகை, பால் பூத், டீக்கடை, கட்சிச் சுவர், கோயில் நன்கொடையாளர் பட்டியல் என்று எழுதாத இடமில்லை. ஃபிளெக்ஸ் வந்ததும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஷேர் ஆட்டோவுக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் போனார்கள். நான் மிச்சமிருக்கும் பாதியில் ஒருவன். எனவே பெயின்ட் கெட்டது, இலை நல்லது என்று மேடையில் பேசுகிறவர்களைப் போல எனக்குப் பேச வராது. எனாமல்தான் எனக்குச் சோறு போட்டது. அதில் என்ன இருந்தது என்பதும் எனக்குத்தான் தெரியும். குரோம் மஞ்சள் என்று நாங்கள் ஆசையாக வாங்கிய நிறத்தில் ஈயம். இரும்பு கேட்டுக்கு அடிக்கும் ரெட் லெட்டிலும் ஈயம். வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை மத்திய அரசு கொண்டுவந்ததே 2016ல்தான். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் பிரஷ்ஷின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு எழுதிய தலைமுறை எங்களுடையது.

சிங்காரச் சென்னை 2.0 என்று மாநகராட்சி போஸ்டர்களைக் கிழித்துவிட்டுச் சுவர்களில் படம் வரையச் சொன்னபோது எனக்கும் வேலை வந்தது. மரம், மீன், கொக்கு, சூரியன். நன்றாகவே வரைந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கொக்கு வரைந்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் கால்வாயில் நிஜக் கொக்கு பிளாஸ்டிக் கவர்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் சூபர்வைசர் சிரித்தார். தெற்கே கண்ணகி நகரில் 2020ல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்து அதைக் கலை வட்டாரம் என்று அறிவித்தார்கள். ஊர்விட்டுத் தூக்கியெறியப்பட்ட மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு அது கொஞ்சம் மரியாதையைக் கொண்டுவந்தது என்று அங்குள்ளவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரைந்த மரத்துக்குக் கிடைக்கும் பட்ஜெட் நிற்கும் மரத்துக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்கும்போது, வரைகிறவனுக்கே கை கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். ஃபீஸ் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. (போர்டு ஆர்ட்டிஸ்ட் வீட்டில் போர்டு இருக்காது, அது தொழில் சாபம்.) முதலில் அரை மணி நேரம் தெருவிலும் ஏரிக்கரைப் பக்கமும் பொறுக்குகிறோம். பூவரசங்காய், வாகை நெற்று, மயிற்கொன்றையின் வாள் மாதிரி நீண்ட நெற்று, தூங்குமூஞ்சி மரத்தின் ஒட்டும் காய், புங்கங்காய், வேப்பங்கொட்டை, தென்னம்பாளை, குரும்பை, பனங்கொட்டை. மழைக்காலம் முடிந்தால் இவற்றோடு ஆகாயத்தாமரைத் தண்டும் சேரும். பூண்டியிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆறு எங்கள் பக்கம் ஏறும். 2015லும் ஏறியது, 2021 நவம்பரிலும் ஏறியது. வடியும்போது வாசல்வாசலாக ஆகாயத்தாமரையைப் போட்டுவிட்டுப் போகும். அதன் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டை மட்டும் மொட்டைமாடியில் ஒன்றிரண்டு வாரம் காயவைத்தால் தோல்வார் மாதிரி ஆகிவிடும். முறுக்கிப் பின்னலாம். வெள்ளம் வீட்டுக்குள் கொண்டுவந்த சேற்றை இன்றுவரை மறக்காத அம்மாக்கள், அதே வெள்ளத்தின் களையில் பிள்ளை பின்னிய தட்டில் வெங்காயம் போட்டுவைக்கிறார்கள்.

பனங்கொட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழத்தைச் சூப்பிப் போட்ட கொட்டையில் நார் தலைமுடி மாதிரி சிலிர்த்து நிற்கும். கழுவிக் காயவைத்து, சீப்பால் ஒரு பக்கமாக வாரிவிட்டால் கிழவன் தலை. நடுவில் வகிடு எடுத்தால் கிழவி. முகத்துக்கு நாங்கள் ஒன்றுமே வரைவதில்லை. கொட்டையில் இயல்பாகவே இருக்கும் மேடுபள்ளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மூக்கு எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு பையன் ஒரே கொட்டையில் ஒரு பக்கம் சிரிப்பும் மறுபக்கம் கோபமும் கண்டுபிடித்து, அதற்கு எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஒருவரின் பெயரை வைத்தான். பெயரை எழுத மாட்டேன், பொருத்தம் பிரமாதம். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கொட்டைகளை ஏரிக்கரையில் புதைத்துவிடுகிறோம். சிலது முளைக்கும், சிலது கிழங்காகப் பிடுங்கி யாராவது தின்றுவிடுவார்கள். இரண்டும் எனக்குச் சம்மதம். 350 ரூபாய்ப் பெட்டியின் ஜிகினா முடிவில் எங்கே போகும் என்றால், கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு.

ஒட்டுவதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். இந்த வகைக் கலையில் ஏமாற்று வேலை எல்லாம் ஒட்டுவதில்தான் நடக்கிறது. இலை இயற்கை, அதை ஒட்டிய ஹாட் குளூ பிளாஸ்டிக், மேலே அடித்த வார்னிஷ் பெட்ரோலியம். நாங்கள் புளியங்கொட்டைப் பசை காய்ச்சுகிறோம். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, தண்ணீரில் கரைத்து அடிபிடிக்காமல் கிண்ட வேண்டும். தஞ்சாவூர்ப் படம் போடுகிறவர்கள் பலகையில் துணி ஒட்டக் காலங்காலமாகப் பயன்படுத்திய பசை அது. வேலம்பிசின் கிடைத்தால் வண்ணம் குழைக்க அதுவே போதும். நிறத்துக்குக் கரி, செங்காவி, மஞ்சள். மஞ்சளில் துளி சுண்ணாம்பு பட்டதும் சிவப்பாக மாறுவதைப் பிள்ளைகள் ஆரத்தித் தட்டில் எத்தனையோ முறை பார்த்தவர்கள்தான். ஆனால் தன் விரலால் தானே மாற்றும்போது வீட்டுக்கு வீடு ஓடிக் காட்டுகிறார்கள். வெயிலில் அந்த நிறம் நிற்காது, வெளுத்துவிடும் என்பதையும் சொல்லிவிடுவேன். காவி நிற்கும்.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கள் கரைக்குப் பெருமை வரும். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் இந்தக் கழிமுகமே கிளிஞ்சல் நிலம். அந்தக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றித்தான் பழைய சென்னையைக் கட்டினார்கள். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்து இழைத்த மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு சலவைக்கல்லாக மின்னும் என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிவைத்தார்கள். பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் போலவே கிளிஞ்சலும் படகேறிப் பட்டணம் போனது. உலகத்துக்கே காட்டக்கூடிய ஒரு கலைப்பொருள், பொறுக்கி எடுத்த ஓட்டிலிருந்து இந்தக் கரையில் பிறந்திருக்கிறது. இன்றைக்கு அந்தக் கால்வாய் ஓரத்தில் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது.

பொறுக்குவதற்கும் முறை உண்டு. கடற்கரைக்கு அழைத்துப்போனால் முதல் பாடமே எதைத் தொடக் கூடாது என்பதுதான். பவளம் எந்த வகையானாலும் எடுக்கக் கூடாது, கடல்விசிறியும் கூடாது. 2001லேயே இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. சில பெரிய சங்கு வகைகளும் அப்படித்தான். காலிச் சங்கு என்று நினைத்து எடுப்பதற்குள் நண்டு குடியிருக்கலாம். ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துப் பார், கால் நீண்டால் கீழே வை. அலையாத்திக் காயைப் பறிக்கவே கூடாது, சேற்றில் விழுந்திருந்தால்கூட அது அங்கேயே முளைக்கட்டும். மட்டி ஓடு, ஆளி ஓடு, அலை ஒதுக்கிய கட்டை, இவை போதும். கன்னியாகுமரியிலும் ராமேஸ்வரத்திலும் பளபளக்கும் சங்கு பொம்மைகளை ‘இயற்கைக் கலை’ என்று வாங்கிவந்து என்னிடம் காட்டுகிறார்கள். அதில் பல உயிரோடு பிடிக்கப்பட்டவை என்பதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது. இயற்கைப் பொருளில் செய்த எல்லாமே இயற்கைக்கு நல்லது ஆகிவிடாது.

எங்கள் ஊரில் இதற்கும் மேல் ஒரு சிக்கல். ஒரு நாள் நெட்டுக்குப்பம் பக்கம் போயிருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒன்றைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். “மாமா, கோலத்துக்குச் சூப்பரா இருக்கும் மாமா, எடுத்துக்கட்டுமா?” ஆற்றங்கரையில் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பல் அது. “கீழ போடு, கை கழுவு” என்றேன். “ஏன், நிலக்கரி இயற்கைதானே? புக்ல போட்டிருக்கே” என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நிலக்கரி மண்ணுக்கடியில் கிடந்தவரை இயற்கைதான். எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலில் ஆர்சனிக்கும் பாதரசமும் ஈயமும் சேர்ந்து திரண்டு நிற்கும். செப்பாக்கத்தின் சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்கள் ஒழுகிச் சாம்பல் கொசஸ்தலையில் படிந்ததை மீனவர்கள் வருஷக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். டி.எம். கிருஷ்ணா 2017ல் பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ காணொளி இந்த இடங்களில்தான் படமானது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நகரத்தின் அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார்கள்.

பிறகு எண்ணெய். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போனது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பத்து ஆட்கள் பக்கெட்டாலும் மக்காலும் அள்ளினார்கள். கூழைக்கடாக்கள் கறுத்த சிறகோடு நின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. எண்ணெய் படிந்த கிளிஞ்சலும் வேரும் வேண்டும், அதில் பிள்ளைகளை வைத்து ஒரு நிறுவல் கலை செய்யலாம், புகைப்படத்துக்கு அருமையாக வரும் என்று ஒருவர் என்னைத் தேடிவந்தார். நல்ல எண்ணம்தான். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏற்கெனவே இந்தக் காற்றைக் குடித்து இருமும் பிள்ளைகளின் கையில் கச்சா எண்ணெயைக் கொடுத்து அதற்குக் கலை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வராது. ஊரின் அழுக்குக்கு ஆதாரம் வேண்டுமென்றால் ஆய்வகம் இருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சுத்தமான பூவரசங்காயைத் தொட உரிமை உண்டு.

தென்மாவட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அய்யா வைகுண்ட தர்மபதி இங்கே இருப்பதும் தேர்த் திருவிழாவுக்கு அத்தனை கூட்டம் வருவதும் அதனால்தான். எங்கள் பக்கத்துத் தெருவில் உடன்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மளிகைக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவரைப் பிடித்துக்கொண்டுவந்தோம். முதல் நாள் பிள்ளைகள் பனங்கன்றின் குருத்தை வெட்டப் போனபோது ஒரு சத்தம் போட்டார். “ஏலே, குருத்துல கை வைக்காதிய. கன்னு செத்துப் போவும். அடியில காஞ்சு தொங்குற சாரோலைய இழு.” பிறகு தரையில் சம்மணம் போட்டு, ஓலையை ஈர்க்கிலிருந்து நகத்தால் கிழித்து, நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கிலுகிலுப்பை ஒன்று முடைந்துவிட்டார். உள்ளே நாலு வேப்பங்கொட்டை. “தம்பி, இதுக்கெல்லாம் கிளாஸ் எடுப்பாங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவரைப் போன்றவர்கள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்குள் கூப்பிடுவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இதுவரை என் கண்ணில் படவில்லை.

எங்கள் வட்டாரத்திலேயே ஓலையில் நான் பார்த்த மிக அழகான பொருளைக் கேட்டால், கழிமுகத்தில் இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பறியைச் சொல்வேன். பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவதால் கூடையைப் பிடிக்கக் கை இருக்காது. விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அதற்கேற்ற கனம், அதற்கேற்ற வாய், நீர் வடிய அதற்கேற்ற கண் இடைவெளி. எந்தக் கல்லூரியிலும் இந்த வடிவமைப்பைச் சொல்லித் தரவில்லை. ஆற்றில் சாம்பலும் கொதிநீரும் வந்து இறால் குறைய, பறி முடைகிற கையும் குறைகிறது. கைவினைக் கண்காட்சியில் பறிக்கு ஒரு ஸ்டால் கொடுத்துவிட்டு ஆற்றை விட்டுவிட்டால் என்ன பயன்?

இதையெல்லாம் மேல்நாட்டுப் பாணி என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்த ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி என்பவர் இலைகளை முள்ளால் கோத்து, பனிக்கட்டியை எச்சிலால் ஒட்டி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கரைய விடுகிறார். அவரைப் பற்றி 2001ல் வந்த படத்தைப் பார்த்தேன், மனிதர் பொறுமைசாலி. ரிச்சர்ட் லாங் 1967ல் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னும் நடந்து நடந்து விழுந்த தடத்தையே படைப்பு என்றார். மரியாதைதான். ஆனால் மந்தார இலையை ஈர்க்கால் தைத்துச் சாப்பிட்டுவிட்டு மாட்டுக்குப் போட்ட ஊர் இது. ராயபுரம் புனித பீட்டர் ஆலயப் பக்கம் குருத்தோலை ஞாயிறன்று போய்ப் பாருங்கள், சிலுவையும் கிளியும் மடிக்கிற விரல்கள் பேச்சை நிறுத்தாமலே மடிக்கும். திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் முழுவதும் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் திறப்பார்கள், அப்போதும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், புனுகுத் தைலம்தான். கரையான் கட்டிய மண்ணைக் கரையாமல் காப்பாற்றத் தெரிந்த ஊருக்கு மண்ணின் அருமையை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கரைய வேண்டியதைக் கரையவிடத்தான் மறந்துவிட்டோம். விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் திருவொற்றியூர் பாப்புலர் எடைமேடைக்குப் பின்னாலும் காசிமேட்டிலும் கரையில் ஒதுங்கும் கையும் தும்பிக்கையும் இன்னும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020லேயே அதை வேண்டாம் என்றது. 2023 செப்டம்பரில் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி விற்கலாம் என்றார், இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும் களிமண் சிலை ஏன் குறைவு என்று சிலை செய்யும் கொசப்பேட்டைக்காரர்களிடம் கேட்டால், சட்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். மண் எங்கே சார் கிடைக்குது என்பார்கள். ஏரி குளங்களில் களிமண் எடுக்க மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு வட்டாட்சியரே கட்டணமில்லாமல் அனுமதி தரலாம் என்று 2024ல் அரசு எளிதாக்கியது நல்ல காரியம். அதே உத்தரவில் பள்ளிக்கூடங்களையும் சேர்த்துவிடுங்கள் என்பது என் விண்ணப்பம். வருஷத்துக்கு ஒரு மாட்டுவண்டி மண் போதும், ஒரு பள்ளிக்கு.

பள்ளி என்றதும் ஓவிய ஆசிரியர்கள் நினைவுக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 2012ல் 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அதன்பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, வேலை நிரந்தரமாகவில்லை, போராட்டம் செய்யாத வருஷமில்லை. அரை நாளில் ஐந்து வகுப்பைச் சமாளிக்கும் ஒருவர், பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்ப் பொறுக்கவைத்துக் காயவைத்துப் பசை காய்ச்சுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? அவர் ‘பெட்டி வாங்கிட்டு வா’ என்றுதான் சொல்வார். பெட்டியைத் திட்டுகிற நான் அவரைத் திட்ட மாட்டேன்.

அவரைக் கரைக்கு அனுப்பினாலும் கரை எங்கே? நான் மணலி புதுநகருக்குக் குடிவந்தபோது ஆற்றங்கரைக்கு எந்தத் தெருவிலிருந்தும் நடந்து போகலாம். இப்போது ஒரு பக்கம் கன்டெய்னர் யார்டு, ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் கட்டட இடிபாட்டுக் குவியல். ட்ரெய்லர் லாரிகள் ஓடும் சாலையைப் பிள்ளைகளோடு கடப்பதே ஒரு வித்தை. மரம் நடுகிறோம் என்று தொழிற்சாலைகளும் வருஷா வருஷம் நடுகின்றன. வேலிக்கு உள்ளே நடுகின்றன. உதிர்கிற காய் வெளியே விழாத மரத்தால் என் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? மாநகராட்சிப் பூங்காக்களில் தினமும் கூட்டிப் பெருக்கி மூட்டை கட்டும் சருகையும் நெற்றையும் ஒரு மூலையில் இரண்டு நாள் விட்டுவைத்தால்கூடப் போதும், பள்ளிக்கூடங்கள் வந்து எடுத்துக்கொள்ளும். பைசா செலவில்லாத காரியம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021ல் வேளாண் பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். அந்தக் கண்டிப்பில் கொஞ்சம் ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளுக்கும் கிடைக்கட்டும். பாதையை மறிப்பவர்களுக்கும் யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டிய நிலை வரட்டும்.

பள்ளிப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை நடுவராகக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் மார்க் ஷீட்டைப் பார்த்து முழிக்கிறார்கள். நான் அழகுக்குக் குறைவாகவும், பிள்ளை எங்கே பொறுக்கினான், எதால் ஒட்டினான், முடிந்ததும் எங்கே போடுவான் என்பதற்கு நிறையவும் மார்க் போடுகிறேன். அப்பா செய்துகொடுத்த மயில் அதில் தோற்றுவிடும். போன தடவை முதல் பரிசு வாங்கியது, வாகை நெற்றுகளை வரிசையாகக் கட்டி ஜன்னலில் தொங்கவிட்ட ஒரு சலங்கை. காற்றடித்தால் சத்தம் வரும். அவ்வளவுதான் அந்தப் படைப்பு. பெற்றோர் ஒருவர் வந்து, இதுக்கா பரிசு என்று கேட்டார். காதை வைத்துக் கேளுங்கள் சார் என்றேன். கேட்கவில்லை, கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எங்கள் பக்கத்துப் பூங்கா மதிலுக்கு மறுபடியும் படம் வரையச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனாமல் வேண்டாம், கிளிஞ்சல் சுண்ணாம்பிலும் காவியிலும் செய்கிறேன் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறேன். சுண்ணாம்பை நீற்றி, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வஜ்ரமும் உப்பும் சேர்த்து மூன்று பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே செங்காவியிலும் மஞ்சள் காவியிலும் கரியிலும் கொக்கு, ஆகாயத்தாமரை, பறியோடு ஒரு பெண். நீற்றும்போது கொதிக்கும் என்பதால் அந்த வேலைக்குப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட மாட்டேன். காவி குழைக்க அவர்கள் வருவார்கள். தொகை எனாமலைவிடக் குறைவு. ஆபீசில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: எத்தனை வருஷம் கேரண்டி? ஒரு மழைக்காலம் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த தை மாதம் மறுபூச்சு போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் வாங்கித் தாருங்கள் என்றும் சேர்த்திருக்கிறேன். அந்தக் கொட்டேஷன் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.